கொல்லைக் கதவுச் சோதனை

மதுவிலக்கு இருந்த காலத்தில் எங்கள் மாமா முக்கால்வாசி நாட்கள் சாராய நாற்றத்தோடுதான் வீட்டுக்கு வருவார். இதைப் படித்துவிட்டு யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவர் போலீஸ் ஏட்டு. ஒரு சொட்டு வாயில் விட்டவர் இல்லை. கொள்ளிடத்து மணல் திட்டுகளில், நாணல் புதருக்குள் பானை பானையாகப் புதைத்து வைத்திருக்கும் சாராய ஊறலைத் தோண்டியெடுத்து உடைத்துக் கொட்டுவதுதான் அந்த வருஷங்களில் அவருடைய வேலை. உடைக்கிறவர் மேல் தெறிக்காமல் எந்தப் பானையும் உடையாது. புளித்த வெல்லமும் வேலம்பட்டையும் அழுகிய பழமும் சேர்ந்த அந்த வாடை காக்கிச் சட்டையில் ஏறினால் லேசில் போகாது. ஊரில் திருட்டுத்தனமாகக் குடித்தவர்கள் ஏலக்காயை மென்றுகொண்டு மணக்க மணக்கத் திரிந்தார்கள். அவர்களைப் பிடிக்கப் போனவர்தான் நாறிக்கொண்டு வந்தார்.

மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அவளுக்குக் குழந்தை இல்லை. எங்கள் பாலக்கரை வீட்டிலோ தம்பி தங்கைகள் வரிசையாகப் பிறந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை, பிள்ளை பெருத்த வீட்டில் ஒரு வாய் குறைவு என்று பெரியவர்கள் யோசித்து, மூன்றாம் வகுப்பிலிருந்து என்னை ஸ்ரீரங்கத்தில் அத்தையிடம் விட்டுவிட்டார்கள். அடையவளைஞ்சான் தெருவில் ஒண்டுக்குடித்தனம். முன்கட்டில் வீட்டுக்காரம்மாவின் குடும்பம், பின்கட்டில் ஒன்றரை அறை எங்களுக்கு. கிணறும் கொல்லையும் பொது. நாலு பேர் காதில் விழாமல் தும்மக்கூட முடியாத வீடு அது.

வீட்டுக்காரம்மா ஆசாரம் பார்க்கிறவள். அந்த நாற்றம் முன்வாசல் வழியாக வரக் கூடாது என்று குடிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். அதனால் மாமா சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் வருவார். சைக்கிள் மணியை ஒரு தரம் அடிப்பார். அத்தை கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு படியில் நிற்பாள். ஆனால் வழிவிட மாட்டாள்.

"ஊதுங்க" என்பாள்.

ரோட்டில் சந்தேகப்பட்ட ஆளை நிறுத்தி வாயை ஊதச் சொல்கிற போலீஸ்காரரின் அதே அதிகாரம் அந்தக் குரலில் இருக்கும். மாமா நல்ல உயரம். அத்தை படியில் நின்றால்கூட அவர் தோளுக்குத்தான் வருவாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிடிபட்ட ஆள் மாதிரி பணிவாகக் குனிந்து, அவள் முகத்துக்கு நேரே ஊதுவார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள். "கடலை உருண்டை" என்பாள். சில நாள் "கிராம்பு" என்பாள். "நெல்லிக்கா... இல்ல இல்ல, களாக்கா" என்று மாற்றிச் சொல்வதும் உண்டு. வரும் வழியில் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு வருவது மாமாவின் வழக்கம். சரியாகச் சொல்லிவிட்டால் மிச்சத்தைக் காகிதத்தோடு எடுத்துக் கொடுப்பார். தப்பாகச் சொன்னால் மறுபடியும் குனிந்து ஊதுவார். அத்தை அடிக்கடி தப்பாகச் சொல்வாள். கடலை உருண்டை வாசனைகூடவா தெரியாது என்று எனக்கு எரிச்சலாக வரும். ஏனென்றால் அவளுக்குக் கிடைப்பதில் பாதி எனக்கு.

சோதனை முடிந்தால்தான் கிணற்றடி. அத்தை இறைத்து இறைத்து ஊற்றுவாள். உடுப்பைத் தனி வாளியில் சவுக்காரம் போட்டு ஊறவைத்து, மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தனிக் கொடியில் உலர்த்துவாள். காலில் சுற்றும் நீளமான காக்கிப் பட்டியைச் சுருட்டி வைப்பது என் வேலை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரம்மா, "ஏட்டம்மா கறார்தான். புருஷனா இருந்தாலும் சோதனை போட்டுத்தான் உள்ள விடறா" என்று தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொள்வாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போலீஸையே சோதனை போடுகிற அத்தை எனக்கு இருக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

மாமாவோடு வேலைக்குப் போய்வருகிற ஒரு புதுப் போலீஸ்காரர் இருந்தார். உப்பிலியபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். மீசை சரியாக முளைக்காத முகம். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. ஒருநாள் மாமாவின் சோதனை முடிந்ததும் அவரும் வெகுளியாக, "என்னையும் ஊதச் சொல்லுங்கக்கா" என்று முன்னால் வந்து நின்றார். அத்தை, "போடா, போய்க் கை காலைக் கழுவு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அண்ணனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்த மறுவருஷம், சித்திரையில் சமயபுரத்துத் தேருக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ஜனங்கள் கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்கள். மாமாவும் அண்ணனும் விடியற்காலையிலேயே மணல் திட்டுக்குப் போய் ஊறல் பானைகளை உடைத்துவிட்டு, வழக்குக்குச் சாட்சியாக ஒரு பானையை மட்டும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறியிருக்கிறார்கள். பாலத்தின் அக்கரை முனையில் வண்டியும் ஆட்களுமாகப் பிதுங்கிக்கொண்டிருந்ததாம். அங்கே நிற்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும், பானையைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, இருவரும் ஜனங்களை ஒதுக்கி விட நின்றுவிட்டார்கள். சமயபுரத்துப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் கார் தறிகெட்டு வந்து இருவரையும் சுவரோடு சேர்த்து அடித்தது. மாமா அங்கேயே போய்விட்டார். அண்ணன் அன்று மதியம் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தார்.

காரை ஓட்டியவன் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்தில் வசதி உள்ளவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சர்க்காரே குடிக்கப் பர்மிட் கொடுக்கும். அவனிடமும் பர்மிட் இருந்தது. என்ன வியாதி என்று யாருக்கும் தெரியாது. காரிலிருந்து இறங்கும்போது நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். ஆனால் பார்த்தவர்கள் அத்தனை பேரும் நேர்த்திக்கடனுக்காக நடந்துபோகிறவர்கள். எந்த ஊர், என்ன பேர் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. அவர்கள் அழுதார்கள், அம்மனைக் கூப்பிட்டார்கள், பிறகு நடந்து போய்விட்டார்கள். அவனை வீட்டார் வந்து அழைத்துப்போய்க் குளிப்பாட்டி, மோர் சாதம் கொடுத்துத் தூங்க வைத்து, சாயந்திரம்தான் டாக்டர் முன்னால் நிறுத்தினார்கள். ஊதச் சொன்னபோது ஏலக்காய் மணந்ததாம்.

நாறியது செத்தவர்கள்தான். சுவர் ஓரம் வைத்திருந்த பானையும் மோதலில் சுக்குநூறாகி, இரண்டு பேரையும் ஊறலில் குளிப்பாட்டியிருந்தது.

பத்தாம் நாள் காரியம் முடிந்தது. பிறகு ஒரு கதை மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. ஏட்டும் அந்தப் பையனும் பிடித்த சரக்கைக் கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறார்கள், தள்ளாடிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்து காரில் விழுந்துவிட்டார்கள் என்று கதை. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தார்களே, அதில் தெரிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவும் அதைத்தான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். அவருக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் எல்லாருக்கும் அந்தச் சமயம் பார்த்து வேறு வேலை இருந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பா முக்காலியைத் துடைத்துப் போட்டார். அத்தை கதவோரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி முதலில் வீட்டுக்காரம்மாவைத்தான் கேட்டார். ஏட்டு எப்படிப்பட்டவர் என்று கேட்டதற்கு அவள் அத்தைக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, உற்சாகமாகவே சொன்னாள்.

"சொக்கத் தங்கம். அப்படியே இருந்தாலும் இவ விட்டுடுவாளா? தினம் கொல்லைக் கதவுல நிறுத்தி ஊதச் சொல்லி, மோந்து பார்த்துட்டுத்தான் உள்ள விடுவா. நானே பார்த்திருக்கேன்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தையின் பக்கம் திரும்பினார்.

"தினமும் ஊதச் சொல்வீங்களாம்மா? ஏன், அவர் மேல சந்தேகமா?"

அத்தை தலையைத் தூக்கவில்லை. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. அப்பா, "சொல்லுக்கா" என்றார். வீட்டுக்காரம்மாவும், "சொல்லேன், வெக்கப்படறதுக்கு இதுல என்ன இருக்கு" என்றாள். அத்தை புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்ற ஒரு சொல் வரும் வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். வரவில்லை. அதிகாரி போய்விட்டார். பதில் சொல்லாததே அவருக்குப் பதிலாகிவிட்டது. பெண்டாட்டியே தினமும் சோதித்துப் பார்க்கிற அளவுக்கு இருந்த ஆள் என்று முடிந்துபோயிற்று. காரோட்டியவனுக்குக் கவனக்குறைவு என்று சின்னதாக ஓர் அபராதம்.

அப்பா அன்று அத்தையைத் திட்டினார். நான் பார்த்து அவர் அக்காவைத் திட்டியது அந்த ஒரு தடவைதான். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னக்கா கேடு?" என்று கத்திவிட்டு, சாப்பிடாமல் பாலக்கரைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் அத்தை மேல் கோபம்தான். மாமா குடிக்க மாட்டார் என்று எனக்கே தெரியும். என்னிடம் கேட்டிருந்தால் கத்திச் சொல்லியிருப்பேன்.

ஆனி மாதம் உப்பிலியபுரத்திலிருந்து அண்ணனின் அம்மா வந்தார். ஒரு பையில் துவரம்பருப்பும் எள்ளும் கொண்டுவந்து அத்தையின் முன்னால் வைத்தார். மகன் இந்த வீட்டில் சாப்பிட்டதற்கு என்று சொன்னார். அழவில்லை. அழுது தீர்த்துவிட்டு வந்திருந்தார் போலிருந்தது.

"எம்புள்ள இங்க வந்து போனப்பல்லாம் நீங்கதானம்மா சோறு போட்டீங்க. அவன் குடிக்கிறவனாம்மா?"

"சத்தியமா இல்லங்க. அவன் கொழந்தைங்க" என்றாள் அத்தை.

"அப்ப அதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. பெரியவரு குடிச்சாரு, கூடப் போன பயலும் குடிச்சான்னு சொல்லிட்டாங்க. ஊருல தலைகாட்ட முடியல. குடிச்சுட்டுச் செத்தவன் வீடுங்கிறாங்க."

அத்தை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊமைக்கு வலி வந்தது போல் ஒரு சத்தம் போட்டாள். அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. நான் பயந்து கிணற்றடிக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அத்தை டவுனுக்கு பஸ் ஏறினாள். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அந்த அதிகாரியின் ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கோயிலில் போல ஏதோ சுலோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன். உச்சி வெயில் வந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

"அவரு குடிக்க மாட்டாருங்க" என்றாள் அத்தை, நின்றபடியே. "அந்தப் பையனும் குடிக்கிறவன் இல்லைங்க."

"சரிம்மா. அப்புறம் எதுக்கு ஊதச் சொன்னீங்க?"

மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவர் பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒருத்தர். வாசலில் டவாலி போட்ட ஒருத்தர். மூன்று ஆண்களும் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதுகிறவர் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்.

"அது... எங்க வீட்டு விஷயங்க" என்றாள்.

"அதத்தாம்மா கேக்கறேன்."

அத்தை எழுதுகிறவரின் பேனாவைப் பார்த்தாள். பிறகு கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள், விரல் பதிகிற மாதிரி. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது வெளியே பார்க்காமல் முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை அங்கே சொல்ல வேண்டியிருந்தது என்ன என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். எனக்கும் கல்யாணமாகி, நாலு பேர் நடமாடுகிற வீட்டில் குடித்தனம் செய்தபோது புரிந்தது. ஒண்டுக்குடித்தனத்தில், பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, ஒரு பெண் தன் புருஷனின் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேறு வழி இல்லை. சந்தேகம் என்று பேர் வைத்துக்கொண்டால் கிணற்றடியில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் குனிவதற்காகத்தான் அவள் ஊதச் சொன்னாள். தெரிந்தேதான் தப்பாகச் சொன்னாள். இதைத் தம்பியின் எதிரிலும், வீட்டுக்காரம்மாவின் எதிரிலும், பேனாவைத் தயாராக வைத்திருந்த அந்த மனிதரின் எதிரிலும் அவள் எப்படிச் சொல்வாள்? சொல்லியிருந்தால்தான் அவர் எப்படி எழுதிக்கொண்டிருப்பார்? ஆனாலும் அவளை நான் முழுக்க மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த உப்பிலியபுரத்து அம்மாவின் முகம் குறுக்கே வந்துவிடுகிறது.

அந்த வருஷம் ஐப்பசியில், வேலையில் இருக்கும்போது உயிர்விட்ட போலீஸ்காரர்களின் பெயர்களை மைதானத்தில் வாசிக்கிறார்கள் என்று யாரோ சொல்லி அத்தை என்னை அழைத்துப்போனாள். கயிறு கட்டியதற்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றோம். போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். லாரி மோதிச் செத்த ஒரு டிராபிக் போலீஸ்காரரின் பெயரை வாசித்தார்கள். அவர் பெண்டாட்டி கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த லாரி டிரைவரும் குடித்திருந்தவன்தான். ஆனால் அவன் ஏழை, பர்மிட் இல்லாதவன். அதனால் அவன் குடித்தது குடித்ததாகவே இருந்தது, செத்தவரும் நல்லவராகவே இருந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்து அத்தை பொறாமைப்பட்டாள். அப்படியும் ஒரு பொறாமை இந்த உலகத்தில் உண்டு.

மாமாவின் பெயர் வரவில்லை. அண்ணனின் பெயரும் வரவில்லை. பிகில் ஊதி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் அத்தை அங்கேயே நின்றாள். நிறையப் பெயர்கள் இருப்பதால் மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. "அடுத்த வருஷம் படிப்பாங்க அத்தை" என்றேன். "ம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. சாயந்திரம் மாமா வழக்கமாக வருகிற நேரத்துக்குக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய்ப் படியில் நின்றாள். சந்துப் பக்கம் ஏதோ சைக்கிள் மணி கேட்டிருக்கும். மாட்டுக்கொட்டகை ஓரத்துத் தனிக் கொடி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் வீட்டுக்காரம்மா தலையைக் குனிந்தபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போதெல்லாம் எங்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எனக்கு அத்தையை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. அஞ்சறைப் பெட்டியில் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்றேன். நாக்கு எரிந்தது. முன்கட்டு வழியாக ஓடி, சந்தைச் சுற்றிக் கொல்லைக்கு வந்து, துவைக்கிற கல்லை உருட்டிவந்து படிக்கு எதிரே போட்டு, மாமாவின் உயரம் வரட்டும் என்று அதன்மேல் ஏறி நின்றேன். குனிந்து அத்தையின் முகத்துக்கு நேரே பலமாக ஊதினேன்.

"கண்டுபிடிங்க" என்றேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் திறக்கவில்லை. நான் இன்னொரு தடவை ஊதினேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கிராம்பு வாசனை ஊரையே தூக்கியது, இதுகூடவா தெரியாது என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அழுது அழுது மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.